பஸ் திரும்பும் இடம்

அன்புச் செல்லம் சிட்டுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வாலுப் பேத்தியும் நோய் நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு ஒரு தரம் யோசித்துப் பார்த்தேன், பொய் எழுதுகிறேனோ என்று. இல்லை, இந்த வாரம் நிஜமாகவே சுகம்தான். போன வாரம் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று நீ சிரிப்பது கேட்கிறது. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் இங்கே அனுப்பிவிடுகிறார். அந்தப் பேப்பரில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரிவதில்லை என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனாலும் பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அதனால்தான் கிளினிக்கில் பல் டாக்டர் உள்ளே ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருக்கிற நேரத்தில், முன் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுநடுவே யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் மனசை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் குளிக்கிறார், தூங்குகிறார், கீழே போயிருக்கிறார் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். நான் சொன்ன அளவுக்குக் குளித்திருந்தால் மனுஷன் கரைந்தே போயிருப்பார். உனக்குத் தெரிந்ததுதான் காரணம். காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் செக்யூரிட்டியின் நாற்காலியை அவர் இடித்து உடைத்ததை நான்தான் வாய் தவறி உன்னிடம் உளறினேன். நல்ல வேளை, அந்த செக்யூரிட்டி டீ குடிக்க எழுந்து போயிருந்தார். நாற்காலி போட்ட இடம்தான் தப்பு என்று அப்பா சாதித்தார், நீ உடனே, யாரையாவது ஏத்திக் கொன்னாத்தான் நிறுத்துவீங்களாப்பா என்று கேட்டுவிட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை கண்ணு. கண் டாக்டரும் அதைத்தான் சொன்னார், நடுவில் இருப்பது மங்கிக்கொண்டே போகும், ஓரத்தில் இருப்பதுதான் தெரியும், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று. ஆனால் டாக்டர் சொன்னால் அது டாக்டர் சொன்னது, பெற்ற பெண் சொன்னால் அது நெஞ்சில் போய்க் குத்துகிறது. அன்றைக்குப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனவர்தான். மருந்துக் கம்பெனி வேலையில் ஊர் ஊராகச் சுற்றி, பாதி வாழ்க்கையை அந்த டிரைவர் சீட்டில் கழித்தவர், அதிலிருந்து எழுந்திரு என்றால் எங்கே போய் உட்காருவார் சொல்லு.

ஓட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார், அந்த மட்டுக்கும் உன் பேச்சுக்கு மரியாதை கொடுத்தார். ஆனால் சாவி மட்டும் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் துணியும் தண்ணீருமாகக் கீழே போவார், ஓடாத வண்டியை ஓடுகிற வண்டியை விட நன்றாகத் துடைப்பார், பிறகு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். நான் பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் பார்ப்பேன். ரேடியோ கேட்கிறேன் என்பார். வீட்டில் ரேடியோ இல்லையா என்று கேட்டால், அதுல சத்தம் சரியில்லை என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நான் காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு நிற்பேன்.

நம் குடியிருப்பு ஊரை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நீ வந்தபோது பார்த்தாயே. வாங்கும்போது பில்டர் காட்டிய கலர்ப் புத்தகத்தில் வாசலிலேயே ஒரு பஸ் நின்றது, அதிலிருந்து ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இறங்கியது, பக்கத்தில் சைக்கிள் பாதை, மர நிழலில் நடைபாதை. குடி வந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் கார் நிறுத்தக் கோடு. சைக்கிள் பாதை நாலு எட்டு போய் ஜெனரேட்டர் அறையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பஸ் மெயின் ரோட்டில் போகிறது, நம்மைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போகிறது. கார் இருந்தவரை இதெல்லாம் எங்களுக்கு உறைக்கவே இல்லை. அப்பா நிறுத்திய பிறகுதான் ஒரு பாக்கெட் பால் வாங்குவதற்குக்கூட யாராவது அந்தப் பக்கம் போகிறார்களா என்று லிஃப்டில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கிளினிக்குக்கு நான் மாடி வீட்டு பேங்க்காரர் காரில் தொற்றிக்கொண்டு போனேன். நல்ல மனுஷன்தான், ஆனால் வழியெல்லாம் தன் பல்வலியைப் பற்றியே பேசுவார், கிளினிக்குக்கு மட்டும் வர மாட்டார். அப்பா அப்படி யார் காரிலும் இடம் கேட்க மாட்டார். நண்பர்களோடு சதுரங்கம் ஆட ஊருக்குள்ளே போய்க்கொண்டிருந்தவர், அடுத்தவர் காரில் போவதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று வீட்டோடு இருந்துவிட்டார்.

நீ, அங்கே எதுக்கும்மா கிடந்து கஷ்டப்படுறீங்க, வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க என்றாய். மாப்பிள்ளையும் பெரிய மனசோடு சொன்னார், அவர் நல்லவர், நன்றாக இருக்கட்டும். நீங்கள் எங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிற அறை, ஜன்னல் திரை, அலமாரியில் மடித்து வைத்த போர்வை எல்லாம் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் கண்ணு, எனக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லை. இதை இவ்வளவு பச்சையாக உன்னிடம் நான் சொன்னதில்லை. எனக்கு வேலை இருக்கிறது, இந்த மேஜை இருக்கிறது, அப்பாவுக்குச் சதுரங்கத்தில் தோற்கடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உன்னிடம் வந்தால் நீ எங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாய், ஆனால் நீ ஆபீஸ் போன பிறகு அப்பா எந்த வண்டியைத் துடைப்பார்? இருக்கவும் முடியவில்லை வரவும் மனசில்லை என்று நான் தவித்தது எனக்குத்தான் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் நம் பில்டருக்குத் திடீரென்று நம் மேல் பாசம் வந்தது. பின்னால் இருக்கிற காலி நிலத்தில் இன்னும் வரிசை வரிசையாக வீடு கட்ட மனு போட்டிருந்தாராம். நகரத் திட்ட ஆபீசில், ஏற்கெனவே கட்டினதுக்கே ஜனங்க கார் இல்லாம வெளிய போக வழி இல்லை, முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க, அப்புறம் புதுசுக்கு அனுமதி பத்திப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாம் தொண்டை வறளக் கத்தியபோது காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், அடுத்த வாரமே குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் பிஸ்கட்டோடு வந்தார். கூடவே போக்குவரத்துத் துறையிலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள், உன் வயசுதான் இருக்கும், கையில் எப்போதும் அளக்கிற டேப். அப்பா அவளுக்கு டேப்புக்காரி என்று பேர் வைத்தார், இப்போது குடியிருப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது, அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா. பஸ் வேண்டும், ஆனால் சத்தம் வேண்டாம். ஸ்டாப் வேண்டும், ஆனால் என் வாசலில் வேண்டாம். பஸ் உள்ளே வரட்டும், ஆனால் வெளி ஆட்கள் வரக் கூடாது. டேப்புக்காரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போய் முன்வாசலை அளந்தாள். அங்கேதான் எல்லோர் மூக்கும் உடைபட்டது. முன்வாசல் அலங்கார வளைவு ஞாபகம் இருக்கிறதா, குடியிருப்பின் பேரைப் பொன் எழுத்தில் பொறித்து, இரண்டு பக்கமும் யானைத் தலை வைத்து, அது நம் சங்கம் கட்டியது, கட்டும் குழுவுக்குத் தலைவர் உன் அப்பா. பஸ் எங்கே பஸ் எங்கே என்று அந்தக் கலர்ப் புத்தகத்தை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்ட அதே ஆட்கள், பஸ் நுழைய முடியாத உயரத்தில் ஒரு வளைவைக் கட்டி, ரிப்பன் வெட்டி, வரிசையாக நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை, எல்லோரும் அவரவர் காரை நினைத்துத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். டேப்புக்காரி சிரிக்கவில்லை, அது அவள் பெருந்தன்மை. அப்பா யானைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வளைவை இடித்தாலும் முன்பக்கம் தோட்டமும் நீரூற்றுமாக இருப்பதால் பஸ் திரும்ப இடமில்லையாம். குப்பை லாரி வருகிற பின்கேட்டு வழியாக வந்தால் வரலாம், ஆனால் அங்கேயும் திரும்ப வேண்டுமென்றால் நம் பிளாக் பார்க்கிங் வரிசையை எடுத்தாக வேண்டும். நம் வரிசைக்காரர்களுக்குப் பின்னால் வேறு இடம் தருவதாக பில்டர் ஒப்புக்கொண்டார். பார்க்கிங் இடம் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தது, சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒரு கோட்டைக்கூட அழிக்க முடியாது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்கள். உன் அப்பா மட்டும் முடியாது என்றார்.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு வேளைக்கு ஒரு காரணம். பின்னால் வெயில் அடிக்கும், பெயின்ட் போய்விடும். பின்னால் எலி ஒயரைக் கடிக்கும். பால்கனியில் இருந்து பார்க்க முடியாது. பேங்க்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஓட்டாத வண்டிக்கு எதுக்கு சார் இடம் என்று கேட்டுவிட்டார், அப்பா அதோடு அவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். இப்படியே போனால் பேச ஆள் மிஞ்சுவார்களா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் சண்டை போடவில்லை. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாம ரெண்டு பேரும் இங்கயே இருக்கணும்னா அந்த பஸ் வரணும், அது வரலேன்னா நான் பெட்டியைக் கட்டிடுவேன் என்றேன். அவர் சாவி இருக்கிற பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டேப்புக்காரிக்கு ஒரு பழக்கம், வரைபடத்தை நம்பவே மாட்டாள். தாள்ல எல்லா பஸ்ஸும் அழகாத் திரும்பிடும் என்பாள். அதனால் தார் போடுவதற்கு முன்னால் நிஜமான பஸ் ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து, சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாளாம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மட்டும் வரிசையைக் காலி செய்து கொடுங்கள் என்று அப்பாவிடம் அவளே வந்து கேட்டாள். சோதனைக்குத்தானே, எடுத்துடறேன், ஆனா என் வண்டியை நான்தான் எடுப்பேன் என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கீழே கூடிவிட்டது. மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. நம் வண்டி மட்டும் பளபளவென்று துடைத்து நடுவில் நிற்கிறது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருகினார். ஒரு முனகல்கூட இல்லை. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது, எஞ்சினைப் போடாமல் தினமும் ரேடியோ கேட்டுக் கேட்டு பேட்டரியைத் தீர்த்திருக்கிறார். தீர்ந்து பல நாளாகிவிட்டதாம், அதற்குப் பிறகும் தினம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார், ரேடியோவும் இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை. பேங்க்காரர்தான் முதலில் வந்து பின்னால் கை வைத்தார், பிறகு செக்யூரிட்டி, நாற்காலி உடைந்த அதே ஆள், பிறகு டேப்புக்காரி டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. ஸ்டியரிங்கைப் பிடிக்க அப்பாதான் இருக்கிறார், அவருக்கோ நேரே இருப்பது தெரியாது. நான் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் நான் இடது வலது என்று வாய் திறந்தால் அவருக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியுமே, நீ ஓட்டறியா நான் ஓட்டட்டுமா என்பாரே. அன்றைக்கு அவராகவே, முன்னாடி என்ன தெரியுதுன்னு சொல்லு என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் சொன்னேன், கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், இப்போ நேரா, தூண் வருது, தாண்டியாச்சு என்று. பின்னால் எல்லோரும் மூச்சு வாங்கத் தள்ளுகிறார்கள், எஞ்சின் இல்லாததால் டயர் சரளைக் கல்லில் உருள்கிற சத்தம் மட்டும்தான். சுவர் ஓரமாகக் கொண்டுபோய், நான் போதும் என்றதும் பிரேக்கை அழுத்தினார். ஒரு கோணல் இல்லாமல் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு, நல்லா சொன்ன என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக்கூட அவர் இப்படிப் பாராட்டியதில்லை.

பிறகு பஸ் வந்தது. குப்பை லாரி மட்டுமே வந்துகொண்டிருந்த பின்கேட்டில் அவ்வளவு பெரிய வண்டி தலையை நுழைத்ததும் குழந்தைகள் கை தட்டினார்கள். முதல் தடவை பின்பக்கம் ஒரு கூம்பைத் தட்டிவிட்டது, டேப்புக்காரி ஓடிப்போய் அளந்து, கூம்பை மாற்றி வைத்து, மறுபடி வரச் சொன்னாள், இரண்டாவது தடவை வளைந்து திரும்பி வந்து நின்றது. வந்து நின்ற இடம் நம்முடைய பார்க்கிங் இடம்தான், நம் வீட்டு நம்பர் எழுதியிருக்கிற கட்டத்தின் மேலேயே. டிரைவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அப்பா கதவுச் சத்தம் வந்த பக்கமாக நடந்து போனார். படியைக் காலால் தேடினார். நான் பிடிக்கப் போனேன், டேப்புக்காரி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவராகவே ஏறினார். டிரைவர் என்ன நினைத்தாரோ, மெயின் ரோடு வரைக்கும் ஒரு சுற்றுப் போய்ட்டு வரலாமா சார் என்று கேட்டார். அவ்வளவு பெரிய பஸ்ஸில் உன் அப்பா ஒருத்தர் மட்டும், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனார். எங்கள் யாருக்கும் கையைக்கூட ஆட்டவில்லை.

திரும்பி வந்து இறங்கினதும் நான் பயந்துகொண்டே எப்படி இருந்தது என்று கேட்டேன். ஓட்டும்போது நேராவே பாத்துட்டு இருந்துட்டேன், ரோட்டு ஓரத்துல இத்தனை இருக்குன்னு இன்னிக்குத்தான் பாத்தேன், ஓரம் எனக்கு நல்லாத் தெரியுது என்றார். ஒரு சைக்கிள் கடை இருக்கிறதாம், ஒரு நர்சரி இருக்கிறதாம், மாடியில் யாரோ சிவப்புப் போர்வை காயப்போட்டிருந்தார்களாம். சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் டேப்புக்காரியைக் கூப்பிட்டு, என் இடத்தை எடுத்துக்கோம்மா, எனக்கு மாத்து இடம் வேணாம், அதுல சைக்கிள் நிறுத்தக் கூரை போட்டுக் கொடு, பிள்ளைங்க சைக்கிள் எல்லாம் மாடிப்படியில கிடக்குது என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது அந்தச் சாவி. நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றேன்.

காரை வழக்கமாகப் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்கே கொடுத்துவிடப் போகிறார், ஆனால் புது பேட்டரி போட்டுத்தான் கொடுப்பாராம், செத்த வண்டியைக் கொடுத்தால் மரியாதை இல்லையாம். பஸ் அடுத்த மாதம் முதல் ஓடும் என்கிறார்கள். அதனால் நீ லீவு போட்டு வீட்டைக் காலி செய்ய வர வேண்டாம். நீ கூப்பிட்டதே எங்களுக்குப் பெரிய பலம், அது கெட்டியாக இருக்கட்டும், தேவைப்படுகிற நாளில் வெட்கப்படாமல் வருவோம். இப்போது உன் வேலை ஒன்றே ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நான் எழுதியது எதுவும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. அப்பா, உங்க பக்கம் பஸ் விடப் போறாங்களாமே என்று மட்டும் கேள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவருக்கும் கூச்சமாக இருக்கும் உனக்கும் கூச்சமாக இருக்கும். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் போதும், அவர் போனை விட மாட்டார், எனக்குப் பேச நேரம் வைக்க மாட்டார், பரவாயில்லை. வளைவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிட்டேன் என்று வாயால் சொல்லாமல் நிஜமாகச் சாப்பிடு. பேத்தியின் முன்பல் விழுந்துவிட்டதா, நம் டாக்டர் கேட்டார். மாப்பிள்ளையை ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் பார்க்க விடாதே, கண் விஷயத்தில் இனி நான் யாரையும் சும்மா விடுவதாக இல்லை. நீங்கள் மூன்று பேரும் நினைத்ததெல்லாம் நடந்து, குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், என் கை இரண்டும் உங்கள் தலை மேல் எப்போதும் இருக்கிறது.

ஒன்று மறக்காதே. இந்த முறை லீவுக்கு நீங்கள் வரும்போது அப்பா பஸ்ஸிலேயே விமான நிலையத்துக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருக்கிறார், எங்கே மாற வேண்டும் என்று இப்போதே டேப்புக்காரியிடம் கேட்டு வைத்துக்கொண்டார். கூட்டத்தில் அவரைப் பார்த்ததும் தூரத்தில் நின்று கையை ஆட்டாதே கண்ணு, அவருக்குத் தெரியாது, உன் முகத்தைத் தேடிக்கொண்டே நிற்பார். கிட்டே ஓடி வந்து, அப்பா என்று கூப்பிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா